வஸ்வாஸ்: பதில் சொல்லச் சொல்ல வளரும் கேள்வி

ஒளுச் செய்து முடித்தாகிவிட்டது. பள்ளியின் உள்ளே கால் எடுத்து வைக்கும் வேளையில், இடது முழங்கைக்குத் தண்ணீர் எட்டியதா என்று ஓர் ஐயம் எழுகிறது. திரும்பிப் போய்க் கழுவ வேண்டுமா? வேண்டியதில்லை. ஒளு முடிந்த பின் எழும் ஐயத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று ஹனபி, ஷாபிஈ இரு மத்ஹபுக் கிதாபுகளும் சொல்கின்றன. மத்ரஸாவில் தொடக்க வகுப்பு ஓதும் மாணவன்கூட இதைச் சொல்லிவிடுவான். சொல்வதற்கு அரை நிமிடம் போதும்.

இந்த அரை நிமிடப் பதிலை நாம் ஒரே மனிதருக்கு ஏழு மாத காலம், அநேகமாக நாள்தோறும், சொல்லி வந்தோம். பதில் சரியானதுதான். ஆனால் அது அவருக்கு மருந்தாகவில்லை, நோய்க்குத் தீனியாயிற்று. மார்க்கம் கேட்க வருகிறவருக்கு மார்க்கம் சொல்கிறோம் என்று எண்ணிக்கொண்டு, ஒரு நோயாளியை வைத்தியரிடம் போகவிடாமல் ஏழு மாதம் நம் வாசலிலேயே உட்கார வைத்திருந்தோம். நம்மைப் போன்ற ஆலிம்களும், இத்தகையோர் உள்ள குடும்பத்தாரும் அந்தத் தவறைச் செய்யாதிருக்கவே இம்மாதம் இதை எழுதுகிறோம்.

அவருடைய சம்மதத்தைப் பெற்றுத்தான் எழுதுகிறோம். ஆளை இன்னாரென்று கண்டுகொள்ளாதிருக்கச் சில விவரங்களை மாற்றியுமிருக்கிறோம். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்து ஓசூர் சிப்காட்டில் வேலை பார்ப்பவர். வயது முப்பதைத் தாண்டியவர். மனைவியும் இரண்டு குழந்தைகளும் உண்டு. தொழுகையில் பேணுதல் உடையவர் என்று ஜமாஅத்தில் நல்ல பெயர். அந்தப் பேணுதல் எந்த நாளில் நோயாக மாறிற்று என்பது அவருக்கே தெரியாது. முதல் ஷிப்டு வாரத்தில் கம்பெனி பஸ் விடியுமுன் வந்துவிடும். ஸுப்ஹு தொழுதுவிட்டுப் புறப்பட எல்லோரும் நாலரை மணிக்கு எழுந்தால், இவர் இரண்டரை மணிக்கே எழுந்து குழாயடியில் நிற்பார். மார்கழியில் ஓசூர்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. முகம் மூன்று முறை, பிறகு எண்ணிக்கை தவறிற்றோ என்று மறுபடி மூன்று முறை. கை கழுவி முடிந்ததும் தெறித்த துளி நஜீஸான இடத்தில் பட்டுத் திரும்பியதோ என்று முதலிலிருந்து. மாடித் தொட்டி காலியாகி, வீட்டுக்காரரோடு தண்ணீர்ச் சண்டை. இரண்டு முறை பஸ்ஸை விட்டுச் சம்பளம் பிடிக்கப்பட்டது. சோப்புப் போட்டுப் போட்டு விரல் இடுக்குகள் வெடித்து இரத்தம் கசிந்தது. இரத்தம் கசிந்தால் ஒளு முறியுமா என்று அதற்கொரு கேள்வி வேறு!

இஷாவுக்குப் பின் அவருடைய போன் வரும். "ஹஜ்ரத், தொந்தரவுக்கு மன்னிக்கணும். ஒரே ஒரு கேள்வி." நாம் பதில் சொல்வோம். "அல்ஹம்து லில்லாஹ், இப்பத்தான் நிம்மதி" என்பார். அரை மணியில் மறுபடி போன். கேள்வியைத் தாம் சரியாகச் சொன்னோமா, ஒரு விவரம் விடுபட்டதால் சட்டம் மாறுமா என்பார். நாம் பொறுமையாகவே இருந்தோம். அந்தப் பொறுமையைப் பற்றி நமக்குள் சற்றுப் பெருமையும் இருந்தது என்பதை மறைப்பானேன்!

ஒரு நாள் நள்ளிரவில் அழுதுகொண்டே பேசினார். அடம்பிடித்த குழந்தையைப் பற்றி மனைவியிடம் "போதும், விடு" என்று சொன்னாராம். அந்த "விடு" என்னும் சொல்லில் தலாக்குடைய நிய்யத்து மறைந்திருந்ததோ என்று அன்று மாலையிலிருந்து ஐயம். வீட்டுக்குள் போகாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். தலாக் நிகழவில்லை, உள்ளே போங்கள் என்றோம். மறுநாள் அவருடைய மனைவி போன் செய்தார். வீட்டில் உருது பேசும் குடும்பம், நம்மிடம் தமிழில்தான் பேசுவார்கள். "ஹஜ்ரத், நீங்க பதில் சொன்னா பத்து நிமிஷம் நல்லா இருக்கார். அப்புறம் ஹஜ்ரத் என்ன சொன்னார்னு என்கிட்ட கேக்கறார். நான் சொன்னா, நீ சரியாக் கேட்டியாங்கறார். நான் என்ன செய்யட்டும்?"

அந்த அம்மையார் சொன்ன மூன்று வாக்கியங்களில் நோயின் இலட்சணம் முழுவதும் இருந்தது. அது நமக்கு அன்று புரியவில்லை. அதிகமாக ஓதுங்கள், ஷைத்தான் ஓடிவிடுவான் என்று அவருக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் ஓதத் தொடங்கினார். அஊதுவை 33 முறை ஓத நினைத்து, எண்ணிக்கை தவறியதோ என்று மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கி, ஓதுவதும் குழாயடி போலவே ஆயிற்று.

கடைசியில் வழி காட்டியவர் ஒரு தோல் டாக்டர். கை வெடிப்புக்கு மருந்து வாங்கப் போனவரிடம் அவர், ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். இவர் உண்மையைச் சொன்னதும், களிம்பை எழுதிக் கொடுத்துவிட்டு, இதற்கு மருந்து என்னிடம் இல்லை, மனநல மருத்துவரைப் பாருங்கள் என்றாராம். இவர் கோபத்தோடு நம்மிடம் வந்தார். "என் ஈமானைப் பைத்தியம்ங்கறார், ஹஜ்ரத்!"

அன்றுதான் நாம் கிதாபுகளை அந்தக் கண்ணோடு திறந்தோம்.

முன்னோர் அறிந்திருந்தார்கள்

ஒளுவில் மூன்று முறைக்கு மேல் கழுவுகிறவர் வரம்பு மீறிவிட்டார் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியது அபூதாவூத், நஸாயீ கிதாபுகளில் உள்ளது. அவர்கள் ஒரு முத்துத் தண்ணீரில் ஒளுவும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான தண்ணீரில் குளிப்பும் முடித்ததாக அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஒரு முத்து என்பது, எந்த மத்ஹபின் கணக்கில் பார்த்தாலும், ஏறக்குறைய ஒரு லிட்டரைத் தாண்டாது. நம் சகோதரர் ஸுப்ஹுக்குச் செலவிட்டது வாளிக்கணக்கில்! தொழுகையில் காற்றுப் பிரிந்ததோ என்று ஐயுறுபவர் ஓசை கேட்கும் வரை அல்லது வாடை உணரும் வரை தொழுகையை விட்டு வெளியேற வேண்டாம் என்னும் ஹதீஸும் யாவரும் அறிந்தது. உறுதியான ஒன்று ஐயத்தால் நீங்காது என்ற பிக்ஹின் பெரும் விதி இவ்விதமான ஹதீஸ்களிலிருந்தே எடுக்கப்பட்டது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் சிலருக்கு அது போதவில்லை என்பதை முன்னோர்கள் கண்டிருக்கிறார்கள். இமாமுல் ஹரமைன் அவர்களின் தந்தையார் அபூ முஹம்மத் அல்ஜுவைனீ (ரஹ்) ஹிஜ்ரி 438-ல் மறைந்தவர். ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞரான அவர் வஸ்வாஸைப் பற்றியே தனி நூல் எழுதினார். ஹன்பலீ இமாம் இப்னு குதாமா (ரஹ்) எழுதியதும் உண்டு. வஸ்வாஸுக்குக் காரணம் ஒன்று மார்க்கச் சட்டத்தை அறியாமை, இல்லையேல் அறிவில் நேர்ந்த கோளாறு என்னும் கருத்தை இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) பதிந்திருக்கிறார்கள். ஓதிக்கொடுக்கும்போது நாமும் இதைப் படித்துக் கடந்திருக்கிறோம். முதற்காரணத்துக்கு ஆலிம் மருந்து. இரண்டாவதற்கு யார் மருந்து என்று அப்போது நாம் யோசித்ததில்லை.

அதை யோசித்த ஒருவர் அவர்களுக்கும் முன்பே இருந்தார். பல்குப் பகுதியைச் சேர்ந்த அபூ ஸைத் அல்பல்கீ, கி.பி. 850 முதல் 934 வரை வாழ்ந்தவர். உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதியவர். கோபம், அச்சம், துயரம் ஆகியவற்றோடு, மனத்தில் ஓயாமல் வந்து மோதும் வஸ்வாஸையும் உள்ளத்தின் நோய்களில் ஒன்றாக வைத்துத் தனி அத்தியாயம் வரைந்திருக்கிறார். தனிமையில் விடாமல் துணையோடு இருக்கச் செய்வதையும், எண்ணத்தை எண்ணத்தால் எதிர்கொள்ளப் பழக்குவதையும் சிகிச்சையாகச் சொல்கிறார். அமெரிக்காவில் ரானியா அவாத், ஸாரா அலி என்னும் இரு முஸ்லிம் பெண் ஆய்வாளர்கள் 2015-ல் அந்த அத்தியாயத்தை இன்றைய மருத்துவ இலக்கணத்தோடு ஒப்பிட்டு, இரண்டும் வெகுவாகப் பொருந்துவதாக மருத்துவ இதழில் எழுதினார்கள்.

ஆகவே இதை நோய் என்று சொல்வது மேல்நாட்டார் நம் ஈமானைக் குறை கூறுவதாகாது. நம்மவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சொன்னதுதான்.

இன்னொரு ஹதீஸ் நம்மை வெகுநேரம் நிறுத்திவைத்தது. பயணத்தில் ஒருவருக்குக் கல்பட்டுத் தலையில் காயம். அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. உடனிருந்தோர் சலுகை இல்லை, குளித்தே ஆக வேண்டும் என்றனர். குளித்தார், இறந்தார். செய்தி எட்டியபோது, அவர்கள்தாம் அவரைக் கொன்றுவிட்டனர் என்று பெருமானார் (ஸல்) கடிந்துகொண்டு, தெரியாவிட்டால் கேட்பதல்லவா அறியாமைக்கு மருந்து என்றார்கள். அபூதாவூதில் வரும் இந்த ஹதீஸை, மஸ்அலா கேட்க வெட்கப்படாதீர்கள் என்பதற்கு ஆதாரமாக எத்தனையோ பயான்களில் சொல்லியிருக்கிறோம். ஆனால் கேட்பது அறியாமைக்கு மருந்து. நம் சகோதரருக்கு அறியாமை எங்கே இருந்தது? ஏழு மாதத்தில் ஒளுவின் சட்டங்களை அவர் நம்மைவிட நன்றாக மனப்பாடம் செய்திருந்தார். போனை எடுக்கும்போதே நம் பதில் அவருக்குத் தெரியும். அவருக்கு வேண்டியிருந்தது பதிலல்ல, பதில் தரும் பத்து நிமிட நிம்மதி. அறியாதவருக்குக் கொடுக்க வேண்டிய மருந்தை அறிந்தவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தோம்.

டாக்டர்கள் சொல்வது

இந்நோயை டாக்டர்கள் ஓ.சி.டி. என்கிறார்கள். தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்று எழுதுகிறார்கள். வேண்டாத ஓர் எண்ணம் தானாக வந்து புகுகிறது. அது பெரும் பதற்றத்தைத் தருகிறது. பதற்றத்தைத் தணிக்க ஒரு செயல் செய்யப்படுகிறது. கழுவுதல், எண்ணுதல், சரிபார்த்தல், திரும்பத் திரும்பக் கேட்டல் எல்லாம் அந்தச் செயலில் அடக்கம். செயல் செய்ததும் பதற்றம் தணிகிறது. தணிந்ததாலேயே, அடுத்த முறை எண்ணம் வரும்போது அதைச் செய்யாமல் இருக்க முடிவதில்லை. தொழிற்சாலையில் பழுதான அபாயச் சங்கு தீ இல்லாமலே ஊதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊதும்போதெல்லாம் தண்ணீர்க் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடினால், தீயே இல்லை என்பதை அறியும் வாய்ப்பு வராது. மூளையில் இந்தச் சங்கு தவறாக ஊதுவதுதான் நோய். ஈமான் குறைவு, பாவம், பேய், செய்வினை எதுவுமல்ல.

நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், நூறு பேருக்கு ஒருவர் என்பதற்குச் சற்றே குறைவான விகிதத்தில் இந்நோய் காணப்பட்டது. ஒரு ஜும்ஆவில் ஐந்நூறு பேர் கூடும் பள்ளியென்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

நோய் எல்லாச் சமூகத்திலும் உண்டு. உடுத்தும் உடைதான் வேறு. மடி, தீட்டு பார்க்கும் குடும்பத்தில் அது மடியைப் பிடித்துக்கொள்கிறது. கெய்ரோவில் டாக்டர் அஹ்மத் உகாஷா 1994-ல் வெளியிட்ட ஆய்வில், 90 நோயாளிகளில் பத்துக்கு ஆறு பேரிடம் மார்க்கம் சம்பந்தமான எண்ணங்களும், அதே அளவினரிடம் அசுத்தம் பற்றிய எண்ணங்களும் இருந்தன. மனிதர் எதை மிக உயர்வாக மதிக்கிறாரோ அதன்மீதே இந்நோய் கை வைக்கிறது. ஆகையால்தான் சிலருக்கு அல்லாஹ்வைப் பற்றியும் ரஸூலைப் பற்றியும் சொல்லத் தகாத எண்ணங்கள் தொழுகையின் நடுவே வருகின்றன. நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் சிலர் இதை யாரிடமும் சொல்லாமல், தாம் காபிராகிவிட்டோம் என்று அஞ்சி ஆண்டுக்கணக்கில் வாடுகிறார்கள். ஸஹாபாக்களில் சிலரே வந்து, வாயால் சொல்லவும் அஞ்சத்தக்க எண்ணங்கள் எங்கள் உள்ளத்தில் வருகின்றன என்று முறையிட்டபோது, அந்த அச்சத்தையே தெளிவான ஈமான் என்று பெருமானார் (ஸல்) சொன்னதாக முஸ்லிமில் இருக்கிறது. உள்ளத்தின் ஊசாட்டத்தை, பேசாமலும் செய்யாமலும் இருக்கும் வரை, அல்லாஹ் இந்த உம்மத்துக்கு மன்னித்துவிட்டதாகவும் ஹதீஸ் உண்டு. வஸ்வாஸ்காரரின் தலாக் செல்லாது என்னும் உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்களின் கூற்றை இமாம் புகாரீ தம் கிதாபின் தலாக் பாடத்தில் எடுத்து வைத்திருக்கிறார்கள். இவற்றை ஒரு முறை தெரிந்துகொள்வது நல்லது. நாளுக்கு மூன்று முறை கேட்டுத் தெரிந்துகொள்வது நோய்.

சிகிச்சை இரண்டு வகை. ஒன்று மருந்து: ஃபுளூஆக்ஸிடின், ஸெர்ட்ரலின், ஃபுளூவாக்ஸமின், எஸிட்டலோப்ரம் முதலியவை, பழைய மருந்தான குளோமிப்ரமினும் உண்டு. இவை போதை தருபவையல்ல. பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரமாகும். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் அளவு தேவைப்படுவதும் வழக்கம். பத்து நாளில் ஒன்றும் நடக்கவில்லை என்று நிறுத்துவோர்தாம் அதிகம். குணம் கண்ட பின்னும் ஓராண்டு, அதற்கு மேலும், டாக்டர் சொல்லும் வரை தொடர வேண்டும்.

மற்றது பயிற்சி. அஞ்சுவதை எதிர்கொள்வது, எதிர்கொண்ட பின் வழக்கமான செயலைச் செய்யாமல் இருப்பது. லண்டனில் விக்டர் மேயர் என்பவர் 1966-ல் இரண்டு நோயாளிகளிடம் இம்முறையைக் கையாண்டு எழுதினார். அதிலிருந்து வளர்ந்ததே இன்றைய முறை. அஞ்சும் காரியங்களை எளியதிலிருந்து கடினமானது வரை பட்டியலிட்டு, எளியதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். கதவுக் கைப்பிடியைத் தொட வேண்டும், கழுவக் கூடாது. பதற்றம் ஏறும்; ஒன்றும் செய்யாமல் இருந்தால் அது தானே இறங்கும். நாள்தோறும் பழகப் பழக ஏற்றம் குறையும். படிக்க எளிது, செய்ய மிகக் கடினம். அதனால்தான் பழக்கிவிடத் தெரிந்த ஆள் வேண்டும்.

அந்த ஆள் எங்கே?

நம் பகுதியாருக்கு அல்லாஹ் இதில் ஒரு வசதி செய்து வைத்திருக்கிறான். ஓசூரில் பெங்களூர் பஸ் ஏறினால் ஜூஜுவாடி எல்லை, அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு. அங்கிருந்து மடிவாளா வழியாக நகருக்குள் செல்லும் சாலைக்குப் பெயரே ஓசூர் ரோடு. அந்த ரோட்டில்தான் நிம்ஹான்ஸ் இருக்கிறது. நம் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்குள். பழைய மைசூர் அரசு மனநல மருத்துவமனையும், 1954-ல் தோன்றிய அகில இந்திய மனநல நிறுவனமும் 1974-ல் ஒன்றாகி உருவான மத்திய அரசு நிறுவனம் அது. எண்ணச் சுழற்சி நோய்க்கென்றே அங்கே தனிப் பிரிவு இருக்கிறது. அதை வெகுகாலம் நடத்திய டாக்டர் ஒய்.சி. ஜனார்த்தன் ரெட்டி முதலானோர் 2017-ல் எழுதிய நெறிமுறையைத்தான் இந்திய மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்டது. நாட்டின் மூலை முடுக்கெல்லாம் இருந்து இரயிலேறி வருகிறார்கள். நம்மவர்கள் அதே சாலையில் துணி எடுக்கவும் கல்யாணத்துக்கும் போய்வருகிறோம். அந்த வாசலை மட்டும் பார்க்காததுபோல் கடந்துவிடுகிறோம். "நிம்ஹான்ஸுக்குப் போனவன்" என்று பெயர் வந்தால் தங்கைக்குச் சம்பந்தம் அமையாது என்று நம் சகோதரரும் முதலில் சொன்னார்.

காலையிலேயே போய்ப் பெயர் பதிந்து காத்திருக்க வேண்டும். முதல் நாள் பெரும்பாலும் விசாரிப்பதிலேயே போகும். துணைக்கு வீட்டார் ஒருவர் அவசியம். எத்தனை மணி நேரம் கழுவுகிறார், எதை எல்லாம் தவிர்க்கிறார் என்று வீட்டார் சொல்வதில்தான் பாதி நோய் வெளிப்படும். மொழியைப் பற்றிய அச்சமும் வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் நோயாளிகள் நிறையச் செல்லும் இடம்.

மாநில எல்லையைத் தாண்ட இயலாதோருக்கு, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டமும் உண்டு. இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளி அந்த மருந்தகத்தில் கேட்டு அனுப்புச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, மருத்துவக் காப்பீடு உடல் நோயைப் போலவே மன நோய்க்கும் செல்லும்.

தனியாரிடம் போவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "கவுன்சிலிங் சென்டர்" என்று பலகை மாட்டுவதற்கு நம் நாட்டில் பெரிய தடையில்லை. மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். பயிற்சி தருபவர் பெரும்பாலும் மருத்துவ உளவியலாளர். பின்னவரிடம் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு இருக்கிறதா என்று கூச்சமின்றிக் கேட்கலாம். இந்நோய்க்கு முன்பு சிகிச்சை தந்திருக்கிறாரா, எதிர்கொள்ளும் பயிற்சி தருவாரா, வீட்டில் செய்ய வேண்டியதைக் குறித்துக் கொடுப்பாரா என்றும் கேளுங்கள். பேசிப் பேசி ஆறுதல் மட்டும் சொல்பவரானால் அவரும் நம்மைப் போன்றவர்தான். இன்னொரு பத்து நிமிட நிம்மதி. பெண்கள் பெண் டாக்டரைக் கேட்டுப் பெறலாம், கேட்பதில் தவறில்லை.

தர்காவுக்கு அழைத்துச் செல்வோருக்கு ஒரு சொல். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, தனியார் காப்பகமொன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதை நம் தலைமுறை மறக்கக் கூடாது. அதன் பின் குஜராத்தில் உனாவா மீரா தாத்தார் தர்காவில் 2008-ல் துஆவுக்கு வருவோருக்கு அங்கேயே மருந்தும் தரும் ஏற்பாடு தொடங்கிற்று. பிறகு ஏர்வாடியிலும் வந்தது. துஆச் செய்யுங்கள். துஆ மருந்துக்குப் பகையல்ல.

ஆலிமுக்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது

நம் சகோதரர் போகச் சம்மதித்தது ஒரு நிபந்தனையின் பேரில். டாக்டர் மார்க்கத்துக்கு விரோதமாக எதையும் செய்யச் சொன்னால் விட்டுவிடுவேன் என்றார். இது நியாயமான அச்சம். அதற்கு நாம் ஒரு காரியம் செய்தோம். ஒளு, குளிப்பு, தொழுகை ஆகியவற்றுக்கு ஷரீஅத் கேட்கும் குறைந்த அளவு எது என்பதை ஒரே தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். சிகிச்சையாளர் முஸ்லிமல்லாத பெண்மணி. அந்தத் தாளை வாசித்துவிட்டு, இது கிடைத்ததே பாதி வேலை என்றாராம். முக்கால் லிட்டர் பிடிக்கும் ஒரு சொம்பு, மூன்று நிமிடம், எண்ணிக்கையை மறந்தால் மறந்ததுதான், திரும்பக் கூடாது என்று அவர் ஒளுவுக்கு வரையறை வைத்தார். அதில் மார்க்கத்துக்கு மாறாக ஒரு சொல் இல்லை.

குளியலறைக்கு வெளியே தரையைத் தொட்டுவிட்டு அதே கையோடு தொழச் சொன்னபோது மட்டும் சகோதரர் நடுங்கினார். நஜீஸ் என்று உறுதியாகத் தெரியாத வரை பொருள் சுத்தமானதே. மழைக்காலத் தெருச்சேற்றுக்கே கிதாபுகளில் மன்னிப்பு இருக்கிறது. உமர் (ரலி) அவர்கள் ஒரு பயணத்தில் தண்ணீர்த் தடாகத்துக்கு வந்தபோது, இங்கே வனவிலங்குகள் வந்து குடிக்குமா என்று உடனிருந்த அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) தடாகத்துக்காரரைக் கேட்டார்கள். அதை எங்களுக்குச் சொல்லாதே என்று உமர் (ரலி) உடனே தடுத்துவிட்டார்கள். முவத்தாவில் வரும் இச்சம்பவத்தைச் சிகிச்சையாளர் கேட்டு வியந்தாராம். ஒளு இல்லாமலே தொழு என்று யாரேனும் சொன்னால் மறுத்துவிடலாம். விவரமறிந்தவர் அப்படிச் சொல்வதில்லை, வேறு பயிற்சி காட்டுவார்.

தக்பீரைத் திரும்பத் திரும்பக் கட்டுவோருக்கு ஒரு வார்த்தை. நிய்யத்து தக்பீரின் எழுத்துகளோடு இம்மியும் பிசகாமல் பொருந்த வேண்டும் என்று வருத்திக்கொள்வது ஷாபிஈ மத்ஹபினரிடம் அதிகம். ஆனால் சாதாரண வழக்கில் சேர்ந்து வந்தது என்று சொல்லும் அளவே போதும் என்பதை இமாமுல் ஹரமைன், கஸ்ஸாலீ ஆகியோரைப் பின்பற்றி இமாம் நவவீ (ரஹ்) தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

ரமளானில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இவற்றில் பல நாளுக்கு ஒரு வேளை மருந்துகள்தாம். நோன்புக்கு முன்பே டாக்டரிடம் சொல்லி இப்தாருக்குப் பின்போ ஸஹரிலோ மாற்றிக்கொள்ளலாம்.

ஆலிம்கள் செய்ய வேண்டியதில் மிகக் கடினமானது கடைசியில் வந்தது. இனி ஹஜ்ரத் பதில் சொல்லக் கூடாது, மனைவியும் சொல்லக் கூடாது என்று சிகிச்சையாளர் செய்தி அனுப்பினார். அன்றிரவு போன் வந்தது. "ஹஜ்ரத், ஒரே ஒரு கேள்வி." முடியாது, பாய் என்றோம். மார்க்கம் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பியது நமக்கு அதுவே முதல் முறை. அவர் அழுதார். போனை வைத்துவிட்டு நாமும் நெடுநேரம் உறங்கவில்லை. மறுநாள் பதினொரு முறை அழைத்தார், அதற்கடுத்த நாள் ஒன்பது முறை. ஐந்தாம் வாரத்தில் ஒரு நாள் முழுவதும் போன் வரவில்லை என்பதை இரவில்தான் கவனித்தோம்.

இப்போது ஓராண்டாகிறது. முழுக் குணம் என்று சொல்லமாட்டோம். ஷிப்டு மாறும் வாரங்களில் இன்னமும் தடுமாறுகிறார். ஸுப்ஹு ஒளுவுக்கு ஏழெட்டு நிமிடம் ஆகிறது. நாலரைக்கு எழுகிறார், பஸ் தவறுவதில்லை. மாத்திரையும் தொடர்கிறது.

இதைப் படித்துவிட்டு, "என்னுடையது வஸ்வாஸா, அல்லது என் ஒளு உண்மையிலேயே முறிந்ததா?" என்று நமக்குக் கடிதம் எழுதச் சிலர் பேனாவை எடுத்திருப்பீர்கள். அந்தக் கடிதங்களுக்கு நாம் பதில் எழுதப்போவதில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் இலவச மனநலத் தொலைபேசியின் எண் 14416. எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். அவர்களிடம் ஒளுவைக் கேட்காதீர்கள். எந்த ஊரில் எந்த டாக்டரைப் பார்க்கலாம் என்று கேளுங்கள்.